துக்கத்தோடு இருந்தபடியே அடுத்தவர் சந்தோஷத்தில் பங்குகொள்வது: பௌத்தத்தின் முதிதைப் பயிற்சி, படிப்படியாக

சாவு நடந்த வீட்டுக்குச் சில மாதங்களில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துவிடும். போனால், மண்டபத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பதே குத்தும். போகாவிட்டால் அழைத்தவர்களுக்கு மனக்குறை. மொய்யை எழுதிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். இழப்பின் வலி ஒரு பக்கம், அடுத்தவர் நன்றாயிருப்பதைப் பார்க்க முடியாத சங்கடம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

'முதலில் துக்கம் ஆறட்டும், மற்றதெல்லாம் அப்புறம்' என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இலங்கை, மியான்மர், தாய்லாந்து நாடுகளில் வழங்கும் தேரவாத பௌத்தம் வேறு மாதிரி அணுகுகிறது. துக்கத்தைக் கையாள்வதும் அடுத்தவர் மகிழ்ச்சியில் மகிழ்வதும் அங்கே ஒரே பயிற்சியின் பகுதிகள். பின்னதைத் தொடங்க முன்னது முடிந்திருக்க வேண்டியதில்லை. சாவு வீட்டுச் சடங்கிலேயே இரண்டும் சேர்ந்து தொடங்கிவிடுகின்றன, அதைப் பிறகு பார்ப்போம். பிறர் மகிழ்ச்சியில் மகிழும் இந்தக் குணம்தான் முதிதை. தமிழுக்கு இது புதிதல்ல. மணிமேகலையின் கடைசிக் காதையிலேயே 'மைத்திரி கருணா முதிதை' என்று நேசம், இரக்கம், இந்த மகிழ்ச்சி மூன்றும் வரிசையாக வருகின்றன.

இங்கே சொல்லும் படிகள் சுத்தங்கள் எனப்படும் பாலி மொழிப் புத்தர் உரைகளையும், ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பயிற்சி நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தையும் ஒட்டியவை. பௌத்தராக இருந்தால்தான் செய்யலாம் என்றில்லை.

முதல் படி: எது எந்த வலி என்று பிரித்துப் பாருங்கள்

புத்தர் உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் சல்லத்த சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவன்மேல் அம்பு தைக்கிறது. அந்த வலியோடு இரண்டாவது அம்பும் தைக்கிறது. பயிற்சி இல்லாதவன் துன்பம் வரும்போது இப்படி இரண்டு அம்புகளை வாங்குகிறான், பயின்றவனுக்கு ஒன்றோடு போகிறது என்கிறார் புத்தர். சுத்தம் நேரடியாகப் பேசுவது உடல் வேதனையையும் அதன்மேல் மனம் ஏற்றும் வேதனையையும் பற்றி. இழப்புக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம், நன்றாகவே பொருந்துகிறது.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காருங்கள். துக்கம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொண்டை அடைக்கிறதா, நெஞ்சு கனக்கிறதா, வயிற்றைப் பிசைகிறதா? அதைக் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க விடுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: 'அம்மா இல்லை.' வலது பக்கம் மனம் அதோடு சேர்த்துக்கொண்டதை எழுதுங்கள்: 'கடைசி நேரத்தில் நான் ஊரில் இல்லையே', 'வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாமே', 'அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.'

வலது பக்கம் நீண்டுகொண்டே போகும். அதை அடிக்க வேண்டாம், அதோடு வாதாடவும் வேண்டாம். இது இரண்டாவது அம்பு என்று தெரிந்தால் இந்தப் படிக்குப் போதும்.

அதே சுத்தம் இன்னொன்றும் சொல்கிறது. பயிற்சி இல்லாதவனுக்கு வேதனையிலிருந்து தப்பிக்கப் புலனின்பத்தை விட்டால் வேறு வழி தெரியாது. நள்ளிரவு தாண்டியும் போனைத் தள்ளிக்கொண்டே கிடப்பது ஏன் என்று இனி தனியாக விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: இல்லாததை இல்லை என்று சொல்லுங்கள்

பௌத்தம் என்றால் கண்ணீர் விடக் கூடாது, கல்லாக இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் இறந்தபோது சுந்தர் என்ற இளம் துறவி அவருடைய திருவோட்டையும் சீவரத்தையும் (துறவி ஆடை) எடுத்துக்கொண்டு, புத்தர் இருந்த சாவத்தி நகருக்கு வருகிறார். புத்தரின் அணுக்கத் தொண்டர் ஆனந்தருக்கு உடம்பே ஓய்ந்துபோகிறது, திசை தெரியவில்லை என்கிறார். புத்தர் அவரைக் கண்டிக்கவில்லை, ஒரு கேள்வி கேட்கிறார்: 'சாரிபுத்தன் போகும்போது உன் ஒழுக்கத்தைக் கொண்டுபோனானா? உன் மன ஒருமையை, உன் ஞானத்தைக் கொண்டுபோனானா?' இல்லை என்கிறார் ஆனந்தர், ஆனால் அவர் எனக்கு எப்படி வழிகாட்டினார் தெரியுமா என்று தொடர்கிறார். சாரிபுத்தரும் இன்னொரு தலைமைச் சீடரான மொக்கல்லானரும் போன பிறகு கங்கைக் கரையில் உக்கசேலத்தில் சங்கம் கூடியிருக்கும்போது, இந்தச் சபை வெறுமையாகத் தெரிகிறது என்று புத்தரே சொல்கிறார். சொல்லிவிட்டு, புலம்பாமல் பேச்சைத் தொடர்கிறார்.

ஆகவே நாற்காலி காலியாக இருந்தால் காலி என்று சொல்லலாம். அதோடு ஆனந்தரிடம் கேட்ட கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்: போனவர் எதைக் கொண்டுபோகவில்லை? அப்பா கற்றுக்கொடுத்த கணக்கெழுதும் பழக்கம், பாட்டியிடம் கற்ற ரசத்தின் பக்குவம், யாரையும் பசியோடு அனுப்பாத குணம். ஒன்றை மட்டும் எடுத்து அந்த வாரம் வேண்டுமென்றே செய்யுங்கள்.

மூன்றாம் படி: முண்ட அரசன் கேட்ட உபதேசம்

அங்குத்தர நிகாயத்தில் ஐந்துகளின் தொகுப்பில் வரும் கதை இது. பாடலிபுத்திரத்து அரசன் முண்டனின் அன்பு மனைவி பத்தா இறந்துவிடுகிறாள். அரசன் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, அரச காரியம் எதையும் பார்க்கவில்லை. இரவும் பகலும் உடலருகிலேயே கிடக்கிறான். உடல் கெடாமல் நெடுநாள் பார்க்க வேண்டும், எண்ணெய் நிரப்பிய இரும்புத் தொட்டியில் வைத்து மேலே இன்னொரு இரும்புத் தொட்டியால் மூடு என்று பொருளாளன் பியகனுக்கு உத்தரவு போடுகிறான். பியகன் அதைச் செய்துவிட்டு, குக்குடாராமத்தில் தங்கியிருந்த நாரதர் என்ற பிக்குவிடம் அரசனை அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை பாருங்கள். துக்க வீட்டில் உதவிக்கு நிற்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது பியகனிடம்தான் என்று எனக்குத் தோன்றும்.

நாரதர் சொல்வது: மூப்பு, நோய், மரணம், அழிவு, இழப்பு. இவற்றுக்கு உட்பட்டது இவற்றுக்கு ஆளாகாமல் இருக்க வேண்டும் என்பது துறவியோ பிராமணரோ தேவரோ மாரனோ பிரம்மாவோ யாருக்கும் கிடைக்காத வரம். இது எனக்கு மட்டும் நடக்கவில்லை, வந்து போகும் எல்லா உயிருக்கும் நடக்கிறது. இதை விட்டு நான் புலம்பிக்கொண்டே இருந்தால் சோறு இறங்காது, உடம்பு கெடும், வேலை கெடும், பகைவர் மகிழ்வார்கள், நண்பர்கள் வருந்துவார்கள்.

கடைசி வரியைக் கவனியுங்கள். என் துக்கம் என்னோடு நிற்பதில்லை, என்னை நேசிப்பவர்களையும் தொடுகிறது. துக்கத்துக்குள்ளிருந்து அடுத்தவர் பக்கம் பார்வை முதன்முதலாகத் திரும்புவது இந்த இடத்தில்தான்.

உபதேசத்தின் முடிவில் உள்ள பாடல் இன்னும் நடைமுறையானது. மந்திரமோ, நல்ல சொல்லோ, கொடையோ, குல வழக்கமோ எதனால் பயன் கிடைக்குமோ அதைச் செய்து பார். அதனாலும் ஆகாது என்று தெரிந்தால் பொறுத்துக்கொண்டு, 'இப்போது நான் செய்ய வேண்டியது என்ன?' என்று கேள். அரசன் உபதேசத்தின் பெயரைக் கேட்கிறான். துக்க அம்பைப் பிடுங்குவது என்கிறார் நாரதர். அதன் பிறகு பியகனைக் கூப்பிட்டு, உடலை எரித்து நினைவுத் தூபி எழுப்பச் சொல்கிறான்.

காலையில் எழுந்ததும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். பதில் பெரிதாக இருக்க வேண்டாம். குளிக்க வேண்டும், பாங்கில் வாரிசுப் படிவம் கொடுக்க வேண்டும், தங்கைக்குப் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் நல்ல பதில்கள்.

நான்காம் படி: போனவர் பெயரில் கொடுங்கள்

இழவு விழுந்த புதிதில் நீண்ட தியானத்தில் உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிதான் தெரியும். அந்தக் காலத்துக்குக் கைக்கு வேலை தருவதே நல்லது, இலங்கை பௌத்தர்களின் மரபு அப்படித்தான் அமைந்திருக்கிறது. இறுதிச் சடங்கில் பிக்குகளுக்கு வெள்ளைத் துணி தானம் செய்கிறார்கள். ஆறாம் நாள் மாலை வீட்டில் 'பண' எனப்படும் பௌத்த அறவுரை, ஏழாம் நாள் அன்னதானம். பிறகு மூன்றாம் மாதமும் ஆண்டு நிறைவிலும் தானம்.

இதில் ஒரு சடங்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். தட்டின் நடுவில் ஒரு கிண்ணம். வீட்டாருக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுக்கிறார்கள். மகனும் மகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செம்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். கை எட்டாதவர்கள் பிடித்திருப்பவரின் தோளையோ முழங்கையையோ தொட்டுக்கொள்கிறார்கள். தண்ணீர் மெல்லிய தாரையாகக் கிண்ணத்தில் விழுகிறது. நிறைந்த பிறகும் நிறுத்துவதில்லை, வழிந்து தட்டுக்குள் இறங்குகிறது. பிக்குகள் திரோகுட்ட சுத்தத்தின் வரிகளை ஓதுகிறார்கள்: ஆறுகள் நிறைந்து கடலை நிரப்புவதுபோல இங்கே கொடுத்தது போனவர்களைச் சேர்கிறது. 'இதம் மே ஞாதீனம் ஹோது, சுகிதா ஹொந்து ஞாதயோ' என்று வீட்டார் சொல்கிறார்கள். இது என் உறவினருக்கு ஆகட்டும், அவர்கள் நலமாக இருக்கட்டும் என்பது பொருள். அழுகையும் புலம்பலும் போனவருக்கு உதவாது என்பதையும் அதே சுத்தம் சொல்கிறது.

தேரவாத விளக்கப்படி இந்தப் புண்ணியம் பொட்டலம் மாதிரி கைமாறுவதில்லை. உயிரோடு இருப்பவர் செய்த நன்மையைக் கண்டு போனவர் மகிழ்கிறார், அந்த மகிழ்ச்சிதான் அவருக்கு நன்மையாகிறது. இறந்தவரிடமே நாம் கேட்பது முதிதையைத்தான். கூடியிருக்கும் அக்கம்பக்கத்தார் 'சாது, சாது, சாது' (நன்று, நன்று, நன்று) என்கிறார்கள். தானம் கொடுத்தது அவர்கள் இல்லை, ஆனாலும் அதைக் கண்டு மகிழ்வதால் அவர்களுக்கும் பங்குண்டு. பிறர் நன்மையில் மகிழ்வது பத்துப் புண்ணியச் செயல்களில் ஒன்று.

பிக்குகள் இல்லாத ஊரிலும் இதன் சாரத்தைச் செய்யலாம். போனவருக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமைத்து நாலு பேருக்குப் போடுங்கள். பரிமாறுவது நீங்களாகவே இருங்கள். சாப்பிடுகிறவர் முகத்தைப் பாருங்கள், பிறகு மனதுக்குள் அவர் பெயரைச் சொல்லி 'இது உங்களுக்கு' என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

மணிமேகலையின் சிறைவிடு காதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. மகன் உதயகுமரனைப் பறிகொடுத்த இராசமாதேவியிடம் மணிமேகலை கேட்கிறாள்: 'உடற்கு அழுதனையோ உயிர்க்கு அழுதனையோ?' உடலுக்கு என்றால் அதைச் சுடுகாட்டில் இட்டது யார்? உயிருக்கு என்றால், 'அவ்வுயிர்க்கு அன்பினை ஆயின், எவ்வுயிர்க்கு ஆயினும் இரங்கல் வேண்டும்.' கேள்வியின் முதல் பாதியைத் துக்க வீட்டில் யாரிடமும் கேட்டு வைக்காதீர்கள், அடி விழும். அரசி தன்னை வதைத்த பிறகு, அவள் மனம் திரும்பிய பிறகு மணிமேகலை சொன்னது அது. ஆனால் இரண்டாம் பாதியை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். ஒருவர்மேல் இருந்த அன்பு போக இடமில்லாமல் நிற்கிறது, அதற்கு வழி திறந்துவிடச் சொல்கிறாள்.

ஐந்தாம் படி: முதிதையில் அமர்வது

தூக்கமும் சாப்பாடும் ஓரளவு சீரான பிறகு இதைத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம்.

முதல் சில நிமிடம் உங்களுக்கு நீங்களே நலம் வேண்டிக்கொள்ளுங்கள். 'நான் நலமாக இருக்கட்டும், பகையின்றி இருக்கட்டும்.' பிறகு ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பயிற்சியின் பாதி வெற்றி இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. புத்தகோசர் சொல்லும் ஆள் எப்போதும் கலகலப்பான நெருங்கிய நண்பர், முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பேசுகிறவர். அப்படி ஒருவர் எல்லோருக்கும் இருப்பார்.

போனவரை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவர்கள் அவரைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். விசுத்திமக்கத்தில் ஒரு இளம் பிக்குவின் கதை வருகிறது. தன் ஆசிரியரை நினைத்து மைத்திரி தியானம் செய்கிறார். முன்பு நன்றாகக் கைவந்த தியானம் இப்போது நகரவே மாட்டேன் என்கிறது. மூத்த தேரரிடம் போய்க் கேட்கிறார். 'உன் தியானப் பொருளைத் தேடிப் பார்' என்கிறார் அவர். தேடிப் பார்த்தால் ஆசிரியர் ஏற்கெனவே இறந்துவிட்டிருக்கிறார். வேறொருவரை எடுத்துக்கொண்டதும் தியானம் கூடுகிறது. முதிதைக்கும் இதே விதி. போனவருக்கு உரியது நான்காம் படி.

ஆளை முடிவு செய்தாயிற்றா? சரி, இப்போது அவர் சந்தோஷமாக இருந்த ஒரு குறிப்பான நேரத்தை எடுங்கள். 'அவள் நன்றாக இருக்கிறாள்' என்று பொதுவாக நினைத்தால் ஒன்றும் நடக்காது. மகளுக்கு வேலை கிடைத்த அன்று போனில் வணக்கம்கூடச் சொல்லாமல் 'கிடைச்சிடுச்சு!' என்று கத்தினாளே, அந்தக் குரலைக் கேளுங்கள். மனதுக்குள் சொல்லுங்கள்: 'இவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள். நல்லது, மிக நல்லது.' பாலியில் 'மோததி வதாயம் சத்தோ, அஹோ சாது, அஹோ சுட்டு.' சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். உதட்டோரம் தானாக ஒரு சின்ன அசைவு வரலாம். வராவிட்டாலும் பரவாயில்லை, மறுபடி சொல்லுங்கள்.

அந்த நண்பரே இப்போது கஷ்டத்தில் இருந்தால்? அதையும் புத்தகோசர் யோசித்திருக்கிறார். முன்பு அவர் அனுபவித்த நல்ல காலத்தை நினைத்து மகிழலாம், அல்லது இனி அது திரும்ப வரும் என்று நினைத்து மகிழலாம்.

இது ஓரளவு தானாக வரத் தொடங்கிய பிறகு நெருக்கமில்லாத ஒருவரை எடுங்கள். தெருமுனைப் பூக்காரம்மா, தினமும் பார்க்கும் பஸ் கண்டக்டர். அப்புறம்தான் மனம் ஒட்டாத ஒருவர். அவசரப்பட்டு அவரிடம் முதல் வாரமே போக வேண்டாம். கடைசியில் நண்பர், முன்பின் தெரியாதவர், பிடிக்காதவர், நீங்கள் என்ற நால்வருக்கும் நடுவில் உள்ள வேலி விழும்வரை, பிறகு நான்கு திசைகளுக்கும் என்று விரியும். அது நீண்ட காலப் பயிற்சி. துக்கத்தில் இருப்பவருக்கு முதல் ஆளிடமே பல வாரங்கள் இருந்தாலும் குறையில்லை.

ஆறாம் படி: பொறாமை வரும்போது

வரும். 'அவள் அம்மா எண்பது வயதில் திடமாக நடக்கிறாள், என் அம்மாவுக்கு அறுபதுகூட ஆகவில்லை' என்ற எண்ணம் கெட்டவர்களுக்கு மட்டும் வருவதில்லை. திக நிகாயத்தின் சக்கபஞ்ஹ சுத்தத்தில் இந்திரனே புத்தரிடம் கேட்கிறான்: பகையின்றி வாழத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள், ஏன் பகையோடே வாழ்கிறார்கள்? பொறாமையும் கஞ்சத்தனமும் கட்டிப்போட்டிருப்பதால் என்பது பதில். தேவர்களையும் விடாத குணம் நம்மை விடுமா?

வந்தால் அந்த எண்ணத்தை முழு வாக்கியமாக மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அநேகமாக அது முதல் படியின் வலது பக்கத்தில் போய் உட்காரும். பிறகு ஒரு படி பின்வாங்கி நண்பரிடமே திரும்புங்கள். பிடிவாதமாக அந்த ஆளிடமே நின்று 'மிக நல்லது' என்று பல்லைக் கடித்துச் சொல்வதால் பயனில்லை.

இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. எதிலும் பிடிப்பில்லாத சலிப்பு முதிதையின் நேர்ப் பகை, அது எளிதில் தெரிந்துவிடும். உலக ஆசையை ஒட்டிய களிப்பு அதன் அருகிலேயே ஒளிந்திருக்கும் பகை. நண்பன் வீடு வாங்கியதை நினைக்கத் தொடங்கி, நம் வீட்டுக்கு எந்த டைல்ஸ் போடலாம் என்று மனம் கணக்குப் போட்டால் அது முதிதை இல்லை. கருணைக்கும் இப்படி ஒரு பகை உண்டு: அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து நம் சொந்தத் துக்கத்திலேயே மூழ்கிவிடுவது. அண்மையில் இழந்தவர்கள் இன்னொரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து சுருண்டு படுப்பது இதனால்தான். கொஞ்ச காலம் அங்கே சற்று நேரம் மட்டும் நின்றுவிட்டு வருவது தவறில்லை.

எதற்கும் மசியாத கசப்புக்கு விசுத்திமக்கம் கடைசியாகச் சொல்லும் மருந்து, அந்த ஆளுக்கே எதையாவது கொடுப்பது. சித்தலபப்பத விகாரையில், இன்றைய இலங்கையின் தெற்கே உள்ள சித்துல்பவ்வ அதுதான், ஒரு பிக்குவை மூத்த பிக்கு ஒருவர் மூன்று முறை இருப்பிடத்தை விட்டு எழுப்பி அனுப்பிவிடுகிறார். இவர் அவரிடம் தன் திருவோட்டை நீட்டி, 'எட்டுக் கஹாபணக் காசு பெறும் இந்த ஓட்டை என் தாய் கொடுத்தாள், நேர்வழியில் வந்தது. நீங்கள் ஏற்று அவளுக்குப் புண்ணியம் கிடைக்கச் செய்யுங்கள்' என்கிறார். மன்னிப்புப் பேச்சு, சமாதானக் கூட்டம் எதுவும் இல்லை. தாய் தந்த பொருளைத் தாயின் பெயரிலேயே கொடுத்துவிட்டார்.

ஏழாம் படி: வீட்டுக்கு வெளியே

இனி அந்தப் பத்திரிகை. போவதாக இருந்தால் முன்தினம் இரவே மணமக்களில் ஒருவரை வைத்து ஐந்து நிமிடம் அமருங்கள். மண்டபத்தில் ஒருவரை மட்டும் கவனியுங்கள்: மணப்பெண்ணின் பாட்டியோ, பந்தியில் ஓடிக்கொண்டிருக்கும் சித்தப்பாவோ. அவரிடம் போய் நீங்கள் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். 'பந்தியில் ஒருத்தர் விடாமல் கேட்டுக் கேட்டுப் போடுறீங்க சித்தப்பா' என்பது 'வாழ்த்துகள்' என்பதைவிட உங்களுக்கும் அவருக்கும் அதிகம் செய்யும். கண் கலங்கினால் கலங்கட்டும், கல்யாண வீட்டில் அழுகிறவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. முடியவில்லை என்றால் அரை மணி நேரத்தில் கிளம்பலாம். போகவே முடியவில்லை என்றால் அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு வெசாக் பௌர்ணமி இன்னொரு நல்ல வாய்ப்பு. தெருவோரத் தன்சல்களில் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சோறும் குளிர்பானமும் இலவசம். சாப்பிடுவதைவிட உள்ளே நின்று பரிமாறக் கேளுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருப்பதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இந்தப் படிகளை நிறுத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்களில் பேசலாம். நாரதரின் பாடலிலேயே, எதனால் பயன் கிடைக்குமோ அதைச் செய் என்பது முதலில் வருகிறது, பொறுத்துக்கொள் என்பது அதற்குப் பிறகுதான்.